வாசி

திருச்செங்கோட்டு மலைக்கு 1,200க்கும் மேற்பட்ட படிகள். பாதி ஏறுவதற்குள் கூட வருகிறவர்களின் பேச்சு நின்றுபோகும். எதிரே இறங்கி வரும் வயதான அம்மா யாராவது, "மெதுவாப் போ கண்ணு, நின்னு மூச்சு வாங்கிக்கிட்டு ஏறு" என்பார். வாங்குவது, விடுவது, பிடிப்பது, அடக்குவது என்று மூச்சுக்கு நம்மிடம் வினைகள் நிறைய. யோக நூல்கள் இவற்றை உள்ளிழுக்கும் பூரகம், நிறுத்தும் கும்பகம், வெளிவிடும் இரேசகம் என மூன்றில் அடக்கின. சித்தர்கள் இம்மூன்றையும் சேர்த்து ஒரே சொல்லில் சொன்னார்கள்: வாசி.

வாசி என்றதும் இன்று நமக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். நாயனக்காரரிடம் சொன்னால் ஊத ஆரம்பிப்பார். இந்த வாசிப்பு 'வாக்கு' பிறந்த வடசொல் குடும்பத்தைச் சேர்ந்தது. 'நேற்றைக்கு இன்று வாசி' என்னும்போது அது வேறுபாடு. முக்கால்வாசி என்னும்போது பங்கு. பழைய நாணயப் புழக்கத்தில் இதே சொல்லுக்குக் கழிவு என்றும் பொருள் இருந்தது. மாற்றுக் குறைந்த காசைக் கடையில் கொடுத்தால் அந்தக் குறைவுக்குப் பிடித்துக்கொள்ளும் தொகை அது. பஞ்சக் காலத்தில் திருவீழிமிழலையில் தமக்குக் கிடைத்த காசுக்கு மட்டும் இந்த வாசி இருந்ததால், அது நீங்க வேண்டிச் சம்பந்தர் பதிகம் பாடினார். அதே சம்பந்தர் கொங்கு நாட்டுக்கு வந்து, கொடிமாடச் செங்குன்றூர் என்று இந்த மலையைப் பாடியிருக்கிறார். உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது திருநீலகண்டப் பதிகம் பாடியதும் இங்கேதான் என்கிறது பெரியபுராணம்.

மூச்சைக் குறிக்கும் வாசி இவற்றில் எதிலிருந்தும் வந்ததாகத் தெரியவில்லை. நிகண்டுகள் குதிரைக்குத் தரும் பெயர்களில் வாசியும் ஒன்று. வடமொழி 'வாஜி'யின் தமிழ் வடிவம். மூச்சுக்கும் குதிரைக்கும் என்ன உறவு? திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைத் திறந்தால் விடை கிடைக்கும். அட்டாங்க யோகத்தைச் சொல்லும் பகுதி அது. பிராணாயாமத்துக்கு வந்ததும் திருமூலர் எடுத்த எடுப்பில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மெய்யான ஆளுக்குப் பிடி கொடுக்கும், பொய்யன் ஏறினால் துள்ளிக் கீழே தள்ளிவிடும் குதிரை. வாசி என்ற பெயர் இந்தக் குதிரை வழியாகவே மூச்சுக்கு வந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். வாசியைத் திருப்பிப் போட்டால் சிவா என்று சித்தர் மரபு சொல்லும் விளக்கம் பின்னால் சேர்ந்த அழகு.

குதிரைக்கு அளவும் தருகிறார் திருமூலர். இடப்பக்கத்தால் இழுப்பது 16 மாத்திரை, நிறுத்துவது 64, விடுவது 32. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் எழுத்துக்கு வகுத்த அளவு. தமிழில் எழுத்தின் ஓசையை அளந்த கோலே மூச்சையும் அளந்திருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி இது.

இடம், வலம் என்ற பேச்சு வந்தபின் மலையுச்சிக் கருவறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே நிற்கும் அர்த்தநாரீசுவரரின் வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. யோக நூல்களில் இடமூக்கின் ஓட்டம் இடகலை, சந்திரன், சக்தி. வலமூக்கின் ஓட்டம் பிங்கலை, சூரியன், சிவன். சிற்பத்தைச் செய்தவர்கள் இதை மனத்தில் வைத்தார்களா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் யோகம் கற்க வரும் இந்த ஊர்ப் பிள்ளைக்கு இந்த இரண்டு நாடிகளையும் விளக்க வேறு படம் தேவையில்லை. பிருங்கி முனிவர் கதையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். உமையை விட்டுச் சிவனை மட்டும் வலம் வந்தவர். அதனால் உடலின் தசையை இழந்து நிற்க முடியாமல் தள்ளாடி, மூன்றாவது காலைப் பெற்றவர். ஒரு பாதியை ஒதுக்கினால் உடம்பு நிற்காது என்று கதை சொல்கிறது. இரண்டு மூக்கையும் மாற்றி மாற்றிச் சமன் செய்யச் சொல்கிறது நாடிசுத்தி.

எதிர்க்குரலும் இந்த மலையைப் பாடியவரிடமிருந்தே வந்தது. இந்த மலை முருகனான செங்கோடனைக் கண்டு தொழ நான்முகன் தனக்கு நாலாயிரம் கண் படைக்கவில்லையே என்று கந்தர் அலங்காரத்தில் ஏங்குகிறார் அருணகிரிநாதர். அதே நூலில், கொல்லன் துருத்தியைப் போல வாயுவை அடைத்து உடம்பை ஒறுப்பதால் என்ன ஆகப்போகிறது என்றும் கேட்கிறார். வாசியை அவர் மறுத்ததாக இதை நான் படிக்கவில்லை. கருத்து மனத்தில் நில்லாமல் காற்றை மட்டும் அடைப்பதைத்தான் கடிந்தார்.

இப்போது ஊரில் வழங்கும் சொல் 'யோகா'. யோகம் என்றால் அதிர்ஷ்டம்: "அவனுக்கு யோகம் அடிச்சிருச்சு". பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்பில் ஒன்றும் யோகம்தான். 2015 முதல் ஜூன் 21 உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பள்ளி மைதானங்களில் பார்ப்பது பெரும்பாலும் ஆசனங்கள். ஆசனம் வேண்டாதது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாள் முழுக்க விசைத்தறி முன் நிற்பவருக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் மாதக்கணக்கில் வெளிமாநிலம் போய்வருபவருக்கும் முதுகு நிமிர அது அவசியம். ஆனால் பதஞ்சலி ஆசனத்துக்கு ஒதுக்கியவை மூன்றே சூத்திரங்கள். திருமூலர் சுகாதனம், கோமுகம், பங்கயம் போன்ற சிலவற்றைப் பெயர் சொல்லிவிட்டு மூச்சுக்கு நகர்ந்துவிடுகிறார். உட்கார்வதே குதிரை ஏறத்தான். வாசி என்ற சொல் வழக்கொழிந்ததோடு அந்த முறைவைப்பும் மறந்துபோனது எனக்கு வருத்தம்.

தொடங்குகிறவர் 16, 64, 32 என்று இறங்கிவிடக் கூடாது. நொடிக்கு ஒன்றாக எண்ணினாலே நிறுத்தம் ஒரு நிமிடத்தைத் தாண்டும். சம்மணமிட்டு முதுகை நேராக வைத்து, வலக்கைப் பெருவிரலால் வலமூக்கை மூடி, இடத்தால் 4 எண்ணும்வரை இழுங்கள். மோதிர விரலால் இடத்தை மூடி, வலத்தால் 8 எண்ணி விடுங்கள். பிறகு வலத்தால் இழுத்து இடத்தால் விட்டால் ஒரு சுற்று. இழுப்பதற்கு இரண்டு மடங்கு விடுவது என்ற திருமூலரின் விகிதம் இதிலும் இருக்கிறது. நிறுத்தம் மட்டும் இல்லை. இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தவே வேண்டாம். மற்றவர்களும் கும்பகத்தை ஆசான் எதிரில் உட்கார்ந்துதான் பழக வேண்டும்.