இரத்தப்போக்கும் திசுச் சான்றும்: பெருங்குடல் பயாப்சியைக் குறித்த ஒரு விசாரணை

மலத்தோடு இரத்தம் போகிறதென்று வருகிறவர்களுள் பலருக்கு மூலமே காரணமாயிருத்தலும், அதனை அறிய விரற்பரிசோதனையும் புரோக்டோஸ்கோப்பும் போதுமாயிருத்தலும் மருத்துவர் எவரும் அறிந்ததே. இரத்தத்தோடு சளியும் பேதியும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடிக்கிற நோயாளியிடத்தில்தான் பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனை தன் முழு முக்கியத்துவத்தையும் பெறுகிறது. 1969-ஆம் ஆண்டையொட்டி நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற இருவர் வளைந்து செல்லும் கொலனோஸ்கோப்பைப் பெருங்குடல் முழுவதும் செலுத்தும் முறையை நிலைநிறுத்திய பின்னர், முன்னாளில் மலக்குடலையும் அதன் அண்டையையும் கடவாதிருந்த இப்பரிசோதனை சிறுகுடலின் வாயில்வரை எட்டிற்று. எட்டும் தூரம் பெருகிய அளவுக்கு நிர்ணயத்தின் தெளிவு பெருகவில்லை என்பதும், அதற்குக் காரணம் நுண்ணோக்கியின் குறையன்று, சில மில்லிமீட்டரேயுள்ள அத்துணுக்கை எவ்விடத்தில், நோயின் எக்கட்டத்தில், எந்தச் சந்தேகத்தோடு எடுத்தோம் என்பதைக் குறியாமல் அனுப்பும் வழக்கமே என்பதும் என் துணிபு.

இவ்வலட்சியம் நம் நாட்டில் விளைக்கும் பேராபத்து அமீபாவைப் பற்றியது. 1955-இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்குக் கார்ட்டிசோன் பயன்தருமென்று முறையான சோதனையால் நிலைநாட்டிய நாள்முதல், ஸ்டீராய்டு அவ்வியாதியில் உயிர்காக்கும் சிகிச்சையாயிற்று; அதே மருந்து அமீபா குடிகொண்ட குடலுக்குக் கொடுக்கப்படுமாயின், குடல் உப்பித் துளைபட்டு உயிருக்கே ஹானி நேரவும் கூடும். இரு வியாதிகளும் நோயாளியின் வாய்மொழியிலும், சில வேளைகளில் உள்நோக்கியின் காட்சியிலுங்கூட ஒன்றையொன்று ஒத்திருத்தலின், துணுக்கானது புண்ணின் விளிம்பிலிருந்து, புண்ணை மூடிய கசிவுப் படலத்தோடு எடுக்கப்படல் வேண்டும். அமீபாக்கள் மிகுதியாகக் காணப்படுவது அப்படலத்திலேயாம். காட்சி தெளிவாக இருக்கட்டுமென்று அதைக் கழுவிவிட்டுத் திசுவை மட்டும் எடுப்பவர் சாட்சியையே கழுவிவிடுகிறார். பி.ஏ.எஸ். சாயம் அமீபாவின் உடலிலுள்ள கிளைக்கோஜனைச் செம்மை கலந்த ஊதாவாகக் காட்டும்; அது விழுங்கிய சிவப்பணுக்களும் உள்ளே தென்படுமாயின் ஐயத்துக்கு இடமில்லை.

இடத்தைப் போலவே காலமும் பேசும். சில நாட்களுக்குள் அடங்கும் கிருமித்தொற்றில் குடற்சுரப்பிகள் நேராகவும் இணையாகவும் தம் ஒழுங்கு குலையாமல் நிற்க, நாட்பட்ட அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் அவை கிளைத்தும் குறுகியும் சிதைந்திருப்பதையும், அவற்றின் அடியில் பிளாஸ்மா அணுக்கள் திரண்டிருப்பதையும் காண்கிறோம். இச்சிதைவு தோன்ற வாரங்கள் செல்லும். ஆதலின் முதல் வாரத்தில் எடுத்த துணுக்கில் ஒழுங்கு குலையவில்லை என்ற ஒன்றைக்கொண்டு நாட்பட்ட நோயை மறுத்துவிடுவது அவசர முடிவாகும். நோய் தொடங்கிய நாள் விண்ணப்பத் தாளில் இல்லாதபோதோ, திசுவை ஆராயும் நிபுணர் அவ்வாறு அவசரப்பட்டார் என்று குறைகூறவும் நமக்கு நியாயமில்லை.

இவற்றினும் கடினமானது குடற்காசநோயையும் கிரோன் நோயையும் பிரித்தறிதல். 1932-இல் கிரோனும் அவர்தம் சகாக்களும் விவரித்த நோயும் காசநோயும் ஒரே இடத்தை, அதாவது சிறுகுடலின் இறுதியையும் பெருங்குடலின் தொடக்கத்தையும், விரும்பிப் பற்றுகின்றன. இரண்டிலும் கிரானுலோமாக்கள் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கே பேருபகாரம் செய்தது. அதன்படி, காசநோயில் கிரானுலோமாக்கள் பலவாய், பெரியவாய், ஒன்றோடொன்று இணைந்து, சில வேளைகளில் நடுவே பாலாடைக்கட்டி போன்ற அழிவோடு காணப்படும். கிரோனில் அரியனவாயும் சிறியனவாயும் இருப்பதோடு, கண்ணுக்குச் செம்மையாகத் தோன்றும் பகுதிகளிலும் அழற்சி பரவியிருக்கும். புண்ணை மட்டும் கிள்ளியெடுப்பவருக்கு இப்பிற்கூறிய இலட்சணம் ஒருபோதும் அகப்படாது. செம்மையான இடங்களிலிருந்தும் துணுக்கு எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் இடப்பெயரோடு அனுப்புவது செலவு மிக்கதென்பர். மாதக்கணக்கில் தவறான மருந்தை உண்ணும் ஏழை நோயாளியின் செலவை அவர்கள் கணக்கிடுவதில்லை.

எடுக்கலாகாத இடமும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சுப் பெற்ற பெண்ணுக்கு மாதங்கள் கழித்து மலக்குடலில் இரத்தம் கசியுங்கால், விரிந்த நுண்குழாய்களைக் கண்டே காரணத்தை உணரலாம். அங்கே முன்சுவரைக் கிள்ளுவது ஆறாப் புண்ணுக்கும், யோனியோடு புரைவழி உண்டாவதற்கும் ஏதுவாகலாம். இதற்கு மாறாக, ஸ்டீராய்டு கொடுத்தும் இரத்தம் நில்லாத கோலைட்டிஸ் நோயாளியிடத்தில், முன்னரே நிர்ணயம் ஆயிற்றே என்று வாளாவிருத்தல் கூடாது. சைட்டோமெகலோ வைரஸ் புகுந்திருக்கிறதா என்ற புதிய ஐயத்தைத் தாளில் தெளிவாக எழுதி, இம்முறை புண்ணின் அடித்தளத்திலிருந்தும் துணுக்குகளை எடுத்து அனுப்புதல் வேண்டும்.