உப்பு, வைக்கோல், மின்சாரம்: கோறளைப்பற்றின் கடதாசித் தொழில்

வெருகல் ஆற்றுக்குத் தெற்கே, கதிரவெளியிலிருந்து வாகரை வழியாக நீளும் கோறளைப்பற்றுக் கரையில் பெருந்தொழில் வேதியியல் காலூன்றியது 1956இல், வாழைச்சேனைக் கடதாசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோதாகும். சுற்றுவட்டார வயல்களின் வைக்கோலை முதன்மை மூலப்பொருளாகக் கொண்ட அவ்வாலைக்கு, நார்களைப் பிணைத்திருக்கும் இலிக்னின் என்னும் பசைப்பொருளைக் கரைக்க எரிசோடாவும், கூழை வெளுக்கக் குளோரீனும் தேவைப்பட்டன.

இவ்விரண்டையும் ஒருங்கே தந்தது மின்பகுப்பு, அதாவது உப்புக்கரைசலினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தி அதன் கூறுகளைப் பிரிக்கும் முறை. ஆனையிறவு உப்பளத்துக்கு அருகே 1950களில் அமைந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இம்முறையையே கையாண்டது. ஒரு மின்வாயில் குளோரீனும் மற்றதில் ஐதரசனும் வெளிப்பட, கரைசலில் எரிசோடா எஞ்சும். ஒரு தொன் எரிசோடாவுக்கு ஏறத்தாழ 0.89 தொன் குளோரீன் கட்டாயம் உருவாவதால், இரண்டையும் வாங்கும் கடதாசி ஆலை இத்தகைய தொழிலுக்கு இயல்பான துணையாகும்.

எனினும் மின்சாரத்தால் இயங்குவது மட்டும் ஒரு தொழிலைத் தூய்மையாக்கிவிடுவதில்லை. உலகில் பல மின்பகுப்பு ஆலைகள் பாதரசத்தை மின்வாயாகக் கொண்டிருந்தன. 2013இன் மினமாட்டா உடன்படிக்கை அம்முறையை 2025க்குள் கைவிடப் பணித்தது. வைக்கோலிலோ சிலிக்கா மிகுதி என்பதால், அவித்தபின் எஞ்சும் கருங்கழிவுநீரிலிருந்து எரிசோடாவை மீட்பது கடினம். குளோரீன் வெளுப்போ நச்சுச் சேர்மங்களை நீரில் விடுகிறது.

இக்குறையைத் தணிக்கும் வழியொன்று 1986இல் பின்லாந்தில் வெளிப்பட்டது. உயிரிகள் உருவாக்கும் வினையூக்கிகளான நொதியங்களுள் ஒன்றாகிய சைலனேசு, கூழிலுள்ள சைலன் என்னும் பல்சக்கரைட்டைச் சிதைத்து இலிக்னின் எளிதில் வெளியேற வழிவிடுவதால், வெளுப்புக்கான குளோரீன் குறைகிறது. நீரில் ஊறும் பொச்சுமட்டையிலிருந்து தும்பு பிரிவதும் நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதியங்களாலேயே என்பதால், இவ்வினை தென்னை வளர்க்கும் கரையோர மக்களுக்கு அந்நியமானதன்று.

உள்நாட்டுப் போர் பரந்தனின் உற்பத்தியை 1980களில் நிறுத்தியது. வாழைச்சேனை ஆலையும் காலப்போக்கில் நலிந்தது. உப்பு, வைக்கோல் ஆகிய மூலப்பொருள்கள் இன்றும் இவ்விடங்களில் கிடைப்பவையே. ஆகவே இத்தொழிலை மீட்போர் பழைய இயந்திரங்களைத் திருத்துவதோடு நில்லாமல், பாதரசமற்ற மென்சவ்வு மின்பகுப்பையும் நொதிய வெளுப்பையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்ப்பதுதான் முறை.