சி மொழிக்கு 'டைப்' வந்த கதை

புரோகிராமிங் படிக்கத் தொடங்கும் எவரையும் முதல் வாரத்திலேயே இண்ட், ஃப்ளோட், டபுள் என்று மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறார்கள். ஆனால் சி மொழிக்குத் தாயான 'பி' மொழியில் டைப் என்ற பேச்சே கிடையாது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் உருவாக்கிய மொழி அது. அதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: 'வேர்டு', அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் அளவு நினைவகம். அதற்குள் இருப்பது எண்ணா, எழுத்தா, முகவரியா என்பது எழுதியவரின் தலைவலி.

1970ல் ஆய்வகத்துக்கு பிடிபி-11 என்ற கணினி வந்தது. அதன் வேர்டு 16 பிட். எழுத்துகளை பைட் பைட்டாக எடுப்பதற்கு பி மொழி தோதாக இல்லை. முகவரிக் கணக்கிலும் வீண் வேலை. அதோடு, புள்ளி வைத்த எண்களுக்கான தனி வன்பொருள் சீக்கிரமே வரும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். ஃப்ளோட்டிங் பாயிண்ட் என்றால், இலக்கங்களைத் தனியாகவும் புள்ளி எங்கே விழுகிறது என்பதைத் தனியாகவும் எழுதி வைப்பது. பெரிய கணினிகளில் இது ஒரே வேர்டில் அடங்கிவிடும். 16 பிட்டில் அடங்காது. ஆகவே கூட்டல் குறிக்கே, தான் கூட்டுவது என்ன என்று தெரிந்தாக வேண்டும். டைப் தேவைப்பட்டதற்கு இந்த மூன்றையும்தான் காரணமாக டென்னிஸ் ரிட்சி 1993ல் எழுதினார்.

அடுத்தது ஒரு வினோதம். பிடிபி-11ல் 32 பிட் ஃப்ளோட்டுக்கும் 64 பிட் டபுளுக்கும் கட்டளை ஒன்றுதான். எந்த அளவு என்பதை ஒரு சுவிட்ச் தீர்மானிக்கும். அதை மாற்றி மாற்றிப் போடுவது கம்பைலருக்குத் தொல்லை. எனவே எல்லாக் கணக்கையும் டபுளிலேயே செய்வது என்று விதி வைத்தார்கள். சோம்பேறித்தனம் என்று தோன்றலாம். ஆனால் இன்றைய 32 பிட் ஃப்ளோட்டில் 1,67,77,216 ரூபாயோடு ஒரு ரூபாய் சேர்த்தால் விடை அதே 1,67,77,216 தான்! இடைக்கணக்கு டபுளில் நடந்தால் இப்படிச் சில்லறை தொலைவது குறையும். 1985ல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின் சிற்பி வில்லியம் கஹான், இந்தப் பழைய விதியைப் பின்னாளில் பாராட்டியிருக்கிறார். வேகம் போகிறதே என்று விஞ்ஞானக் கணக்குக்காரர்கள் முறையிட, 1989 தரம் ஃப்ளோட்டிலேயே கணக்கிட அனுமதித்தது.

சரி, ஃபங்ஷன்களுக்கு வருவோம். எல்லாம் டபுள் என்று இருந்தவரை வர்க்கமூலத்துக்கு ஒரு பெயர் போதும். 1999 தரத்தில் ஒவ்வொன்றும் மூன்றானது: டபுளுக்குப் பழைய பெயர், ஃப்ளோட்டுக்கு வாலில் 'எஃப்', லாங் டபுளுக்கு 'எல்'. தவறான பெயரை எழுதினால் சத்தமே இல்லாமல் விடை கெடும். முழு எண்ணுக்கான 'ஏபிஎஸ்' ஃபங்ஷனிடம் -0.75ஐக் கொடுத்தால் 0.75 வராது, பூஜ்யம் வரும். பணக் கணக்கில் இது நடந்தால் பேலன்ஸ் ஷீட் என்னாவது?

டைப்பைப் பார்த்துத் தானே சரியானதைத் தேர்ந்தெடுக்கும் பொதுப் பெயர்களும் அதே 1999 தரத்தில் 'டிஜிமேத்' என்ற ஹெடரில் வந்தன. வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒன்றைச் சொந்தமாக எழுத மொழியில் வழியே இல்லை. கம்பைலர்கள் தங்களுக்குள் ஏதோ தந்திரம் செய்துகொண்டன. சாதாரண நிரலருக்கு 'ஜெனரிக்' என்ற வசதி கிடைத்தது 2011 தரத்தில்தான். பன்னிரண்டு வருடம்!

2015ல் 1.0 கண்ட ரஸ்ட் மொழி வேறு பாதையில் போனது. எஃப்32ஐயும் எஃப்64ஐயும் கூட்டச் சொன்னால் முடியாது என்று மறுத்துவிடும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஃபங்ஷன் எழுத உதவும் 'ஃப்ளோட்' டிரெய்ட்டையும் 1.0க்கு முன்பே அடிப்படை நூலகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேண்டியவர்கள் 'நம்-டிரெய்ட்ஸ்' என்ற வெளித் தொகுப்பை நாடுகிறார்கள். எஃப்64 பட்டியலை வெறும் 'சார்ட்' போட்டு வரிசைப்படுத்தவும் விடாது. காரணம் 'நான்' (எண்ணே அல்ல) என்ற மதிப்பு: அது தனக்குத் தானே சமமில்லை, பிறகு எதற்கு முன், எதற்குப் பின் என்று வைப்பது? அதையும் சேர்த்து வரிசைப்படுத்த உதவும் 'டோட்டல் சிஎம்பி' ரஸ்ட்டில் நிலையானது 2022ல்.