கறுப்புப் பூச்சு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கரிசல், கருவேல முள், பொய்க்கிற மழை. அதோடு ஒரு பானை ஓட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. தென்தமிழ்நாட்டின் பழைய ஊர்மேடுகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சமாச்சாரம்.

திருச்சுழிக்கு வடக்கே, வைகைக் கரையில் கீழடி. 2014-ல் அகழாய்வு ஆரம்பித்ததிலிருந்து இங்கே பானை ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. இதெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். ஓடுகளில் சில வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குப் போயின. தோண்டியவர்கள் தொல்லியல்காரர்கள். பரிசோதித்தவர்களோ நானோ அறிவியல் ஆட்கள். 2,600 வருடம் மண்ணுக்குள் கிடந்தும் கறுப்புப் பூச்சு ஏன் உரியவில்லை? இதுதான் கேள்வி. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நம்மூர் சி.வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்த ஒளிச்சிதறல் முறையிலும் சோதித்தார்கள்.

பூச்சுக்குள் இருந்தவை கார்பன் நானோ குழாய்கள்!

நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறு போட்டதில் ஒரு கூறு. அந்த அளவில், கரி அணுக்களால் ஆன குழாய். எடை சொற்பம், உறுதி அபாரம். 1991-ல் ஜப்பானின் இஜிமா எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகமே இதன் பின்னால் ஓடியது. 2006-ல் ஜெர்மானியர்கள் 17-ம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் இதைக் கண்டார்கள். அந்த வாள்களுக்கான உருக்கும் இந்தியாவிலிருந்து போனதுதான்! கீழடி முடிவு 2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியானபோது, கணக்கு ஒரே தாவலில் ஈராயிரம் வருடம் பின்னால் போனது.

'அன்றே நம்மிடம் நானோ டெக்னாலஜி இருந்தது' என்று மீசை முறுக்க வேண்டாம். குயவருக்குக் குழாய் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, எதைப் பூசி எவ்வளவு சூட்டில் வேகவைத்தால் பூச்சு நிற்கும் என்பது. ஏதோ தாவரச் சாற்றைப் பூசிச் சுட்டிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள் ஆய்வாளர்கள். என்ன சாறு? எந்த மாதிரி சூளை? பதில் இல்லை.

ஏன் இல்லை? யாரும் எழுதி வைக்கவில்லை. இத்தனைக்கும் கீழடி எழுத்தறிந்த ஊர். ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. அவையெல்லாம் பானையின் சொந்தக்காரர்கள் பெயர் என்றே கருதுகிறார்கள். பானை வாங்கியவர் பெயர் நின்றது. செய்தவரின் சூத்திரம் அவரோடு போய்விட்டது.

அதே வைகைக் கரையில் மானாமதுரை இருக்கிறது. அங்கே இன்றும் கடம் செய்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எந்த மண், எவ்வளவு சூடு என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். வேதியியல்காரரையும் தொல்லியல்காரரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தாயிற்று. அந்தக் குயவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், ஐயா. இந்த முறையாவது எழுதி வைத்துக்கொள்வோம்.