துரை தமிழ் படித்த கதை



ஆங்கிலம் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. "அது துரை பாஷை ஆச்சே, நம்ம வாயில நுழையுமா?" என்கிறோம். அந்தத் துரையின் வாயில் நம்முடைய தமிழ் நுழைந்து பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். பயம் தானாகத் தெளிந்துவிடும்.

1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னையில் கோட்டை கட்ட இடம் வாங்கினார்கள். வெள்ளைக்காரன் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் சூப்பு வேண்டும். நம் சமையற்காரரிடம் ஏது சூப்பு? இருந்தது மிளகுத்தண்ணிதான். அதில் இறைச்சியையும் காய்கறியையும் போட்டு, "முல்லிகடானி" என்று பெயர் சூட்டி, லண்டன் வரைக்கும் கொண்டு போய்விட்டார்கள். சளி பிடித்தால் நம் பாட்டி வைத்துக் கொடுக்கும் ரசம், அங்கே கோட்டு சூட்டோடு மேசை ஏறிவிட்டது! இதைக் குடித்துக் குடித்தே சென்னை வெள்ளைக்காரர்களுக்கு "மல்" என்ற பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது.

ரசம் மட்டுமா போனது? கட்டுமரம் "கட்டமரான்" ஆயிற்று. சுருட்டு "செரூட்" ஆயிற்று. நம் கறிதான் "கரி" ஆயிற்று என்று அகராதிக்காரர்களே எழுதுகிறார்கள். இப்படிப் போன இந்தியச் சொற்களையெல்லாம் திரட்டி 1886-இல் ஒரு பெரிய அகராதி போட்டார்கள். அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அகராதியின் பெயர் என்ன தெரியுமா? "ஹாப்சன் ஜாப்சன்". மொகரம் ஊர்வலத்தில் "யா ஹசன், யா ஹுசேன்" என்று முஸ்லிம்கள் குரல் கொடுப்பது வெள்ளைக்காரச் சிப்பாய் காதில் இப்படித்தான் விழுந்ததாம்!

இனி தோட்டத்துக்கு வருவோம். பெரட்டுக் களத்தில் நிற்பவர்களோ தமிழர்கள். ஆங்கிலத்தில் கத்தினால் மரமா பால் கொடுக்கும்? ஆகவே சின்னத்துரைமார் தமிழ் படிக்க வேண்டியதாயிற்று. மலாயாவில் அவர்கள் தமிழில் பரீட்சையும் எழுதினார்கள். நாம் "ஏ, பி, சி" எழுதத் திணறியதுபோல், அவர்கள் ழகரத்தோடும் றகரத்தோடும் மல்லுக்கட்டியிருப்பார்கள்!

அவர்களுக்காகக் கொழும்பில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு கையடக்கப் புத்தகம் அச்சானது. பெர்குசன் என்பவர் எழுதியது. புத்தகத்தின் பெயரே "இங்கே வா!" என்பதுதான்.

சிரிப்பு வருகிறதல்லவா? கொஞ்சம் யோசித்தும் பாருங்கள். "வாங்க" என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. "வாருங்கள், உட்காருங்கள்" என்று சொல்லத்தான் நம் வீட்டில் குழந்தைக்கு முதலில் கற்றுக் கொடுக்கிறோம். துரையின் பாடமோ "வா" என்பதில் ஆரம்பமானது. வேலை வாங்க அது போதும் என்று நினைத்தார்கள்.

அந்த "வா"வின் விலை 1941-இல் தெரிந்தது. நம் கம்போங் மேடானிலிருந்து கிள்ளான் அப்படியொன்றும் தூரமில்லை. அந்த வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன் முன்னின்றார். சம்பள உயர்வு கேட்டார்கள். அதோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்! சைக்கிள் நம் காசு, மிதிப்பது நம் கால். இறங்குவது மட்டும் யாருக்காக?

பதிலாகக் கிடைத்தது என்ன? மே மாதம் நாதன் கைதானார். பிறகு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

மாணவர்களே, அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் மற்றொன்றும் இருந்தது. தங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதே அது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். ஆனால் பேருக்கு ஒரு கொட்டகையும் பேருக்கு ஒரு வாத்தியாரும் போதாது என்பது எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெற்றோருக்குத் தெரிந்திருந்தது. இன்று மேடை ஏறிப் பரிசு வாங்கும் உங்கள் கையில் அவர்கள் கேட்டதும் கொஞ்சம் இருக்கிறது.

ஆகவே ஆங்கிலம் படியுங்கள், நன்றாகவே படியுங்கள். ஆனால் துரை தமிழ் படித்ததுபோல் படிக்காதீர்கள். அவர் கட்டளை போடும் அளவுக்குத் தமிழ் படித்தார். நாம் "எஸ் சார்" என்று பணியும் அளவுக்கு ஆங்கிலம் படித்தால் கணக்கு சரியாகத்தான் போகும், வாழ்க்கை சரியாகப் போகாது. சம்பளச் சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ளவும், மருத்துவரிடம் விவரம் கேட்கவும், "ஏன்?" என்று மரியாதையோடு கேட்கவும் ஆங்கிலமும் மலாயும் படியுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை பஸ்ஸில் தமிழ் பேசினால் "ஷ்!" என்று அடக்காதீர்கள். பரீட்சை எழுதி துரைமார் படித்த பாஷை அது. அவர்கள் படிக்காமல் விட்ட "வாங்க"வையும் சேர்த்தே நம் பிள்ளைகள் பேசட்டும்.