தூண்டில் கோல்: ஒரே துண்டும் இரு துண்டும்

கைப்பிடியிலிருந்து நுனி வரை ஒரே தண்டாகச் செய்யப்பட்ட தூண்டில் கோலை ஒரே துண்டுக் கோல் என்பர். அடிக்கோல், நுனிக்கோல் என இரண்டாகக் கழற்றி எடுத்துச் சென்று, நீர்க்கரையில் பொருத்திக்கொள்வது இரு துண்டுக் கோல். மூன்று, நான்கு துண்டுகளாகப் பிரியும் பயணக் கோல்களும், குழாய்க்குள் குழாயாக உள்ளடங்கும் கோல்களும் உண்டு. என்றாலும் கடையில் நின்று கோல் தேர்பவர் பெரும்பாலும் முதல் இரண்டுக்கும் இடையில்தான் தயங்குகிறார். அந்தத் தயக்கம் முழுவதும் இரு துண்டுகளும் சேரும் நாலு விரற்கடை இடத்தைப் பற்றியது. அந்த இடம் பொருத்து எனப்படும். அங்கே உலோகக் குழல் மாட்டப்பட்டிருந்தால் அது பூண். கோலின் வரலாறு பெருமளவுக்குப் பொருத்தின் வரலாறே.

பொருத்துக்கு முன்

முதலில் இருந்தவை ஒரே துண்டுக் கோல்கள். கி.மு. 2000 அளவிலான எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் கோல் பிடித்து மீன் பிடிப்பவர் காணப்படுகிறார். கி.பி. 200 அளவில் எழுதிய ஈலியன், மாசிடோனியாவில் செயற்கைப் பூச்சி கட்டி மீன் பிடித்தவர்களைக் குறித்துச் சொல்லும்போது, அவர்கள் கோல் 6 அடி நீளம், கயிறும் அதே நீளம் என்கிறார். பெரும்பாணாற்றுப்படை காட்டும் தூண்டிலும் நெடிய மூங்கில் கழிதான். அதன் இரையைக் கவ்வுவது வாளை மீன். நம் குளக்கரைகளில் சிறுவர்கள் கையில் இன்றும் காணப்படும் கழி இந்த மரபைச் சேர்ந்தது.

கயிற்றைச் சுற்றி வைக்கும் ரீல் பரவாத காலத்தில் கயிறு கோலின் நுனியிலேயே கட்டப்பட்டது. எனவே தொலைவில் இரை போட வேண்டுமென்றால் கோல்தான் நீள வேண்டும். ஐரோப்பாவில் கோல் இருவர் உயரத்தையும் மூவர் உயரத்தையும் எட்டியதற்கு இதுவே காரணம். அப்படிப்பட்ட கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சந்திலும் காட்டுப் பாதையிலும் நடப்பது பெரும்பாடு. பொருத்து பிறந்தது மீன் பிடிக்கும் தேவையால் அன்று, கோலைத் தூக்கிச் செல்லும் தேவையால்.

1496ஆம் ஆண்டின் கோல்

ஆங்கிலத்தில் அச்சான முதல் தூண்டில் நூல், 1496இல் விங்கின் டி வோர்ட் வெளியிட்ட ‘செயின்ட் ஆல்பன்ஸ் நூல்’ பதிப்பில் சேர்க்கப்பட்ட சிறு ஆய்வுரை. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவியின் பெயரில் அது வழங்குகிறது. கோல் செய்யும் முறையை அது விரிவாகவே விளக்குகிறது. குளிர்காலத்தில் ஹேசல், வில்லோ, ஆஸ்பென் ஆகிய மரங்களுள் ஒன்றில் கைப்பருமனும் ஒன்றரைப் பாகம் நீளமும் உள்ள கழியை வெட்ட வேண்டும். அதைச் சூடான அடுப்பில் வாட்டி நிமிர்த்தி, ஒரு மாதம் உலர விட வேண்டும். பின்னர் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் நடுவில் துளையிட வேண்டும். நுனிக்கோலின் கீழ்ப்பாதி ஹேசல். மேல்பாதி கருமுள் மரமோ காட்டு ஆப்பிளோ ஜூனிபரோ. இரண்டையும் சேர்த்துக் கட்டிய நுனிக்கோல், துளையிட்ட அடிக்கழிக்குள் முழுவதுமாக மறைந்துவிடும். கழியின் இரு முனைக்கும் இரும்பிலோ பித்தளையிலோ பூண் போட வேண்டும். மீன் பிடிக்கும் இடத்தில் நுனிக்கோலை வெளியே எடுத்து, கழியின் மேல் துளையில் ஒரு பிடி அளவு செருகினால் கோல் ஆயத்தம்.

இப்படிச் செய்தால் அதை ஊன்றுகோலாகப் பிடித்து நடக்கலாம், எங்கே போகிறோம் என்பது வழியில் ஒருவருக்கும் தெரியாது என்று நூல் சொல்கிறது. இரு துண்டுக் கோலின் முழு இலக்கணமும் இந்தப் பக்கங்களில் இருக்கிறது: பிரியும், அடங்கும், பூணால் வலுப்பெறும், செருகும் ஆழத்துக்கு ஓர் அளவு உண்டு. ஐந்து நூற்றாண்டுகளில் மாறியவை மூலப்பொருளும் துல்லியமும் மட்டுமே.

கட்டிய கோலும் பூணிட்ட கோலும்

ஐசக் வால்டனின் தூண்டில் நூலுக்கு 1676இல் இரண்டாம் பகுதி எழுதிச் சேர்த்த சார்லஸ் காட்டன், ஆற்றில் பூச்சி வீச 15 முதல் 18 அடி வரையிலான கோல் போதும் என்கிறார். யார்க்‌ஷயரில் செய்த கோல்களை அவர் புகழ்கிறார். ஆறு முதல் பன்னிரண்டு துண்டுகளைக் கொண்டவை அவை. துண்டுகளின் முனைகளைச் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, கீழே நூலாலும் மேலே பட்டாலும் சுற்றிக் கட்டுவார்கள். மீன்பிடிப் பருவம் முடிந்த பிறகே அவை பிரிக்கப்பட்டன. ஆகவே வளைவில் அவை ஒரே துண்டு, செய்முறையில் பல துண்டு. இரண்டுக்கும் நடுவில் கோடு கிழிப்போர் யார்க்‌ஷயர் கோலை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்பது கேட்கத் தக்க கேள்வி.

சாய்வெட்டுக் கட்டு நீண்ட காலம் நிலைத்தது. அயர்லாந்தில் ஷானன் ஆற்றங்கரையின் காசில்கானல் கோல்களும், இன்வர்னெஸ் நகரின் அலெக்சாண்டர் கிராண்ட் 1890களில் செய்த கோல்களும் கயானாவிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் மரத்தால் ஆனவை. இரண்டும் இம்முறையில் கட்டப்பட்டவை. உலோகப் பூண் வளையாது, கோல் வளையும்; எனவே பூணின் விளிம்பில்தான் மரம் முறியும் என்பது இவ்வழியினரின் வாதம். அன்றைய பூண்களைப் பொறுத்தவரை அது சரியான வாதமே.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் அமெரிக்கர்கள். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கி செய்துவந்த சாமுவேல் பிலிப்பி, 1840களில் மூங்கிலைப் பட்டையாகப் பிளந்து ஒட்டிக் கோல் செய்யத் தொடங்கினார். அவர் வயலினும் செய்தவர். மேலே சொன்ன கிராண்டும் வயலின் செய்தவர். மெல்லிய மரத்தை அளந்து சீவி அதிர்வைக் காதால் அறியும் கை, கோலிலும் தேறியதில் வியப்பில்லை. பின்னர் மெய்ன் மாநிலத்தின் ஹைரம் லெனார்டு ஆறு பட்டைக் கோலை இயந்திரத்தால் சீவி வணிகப் பொருளாக்கினார். அவருடைய பெரும்பணி பூணில் இருக்கிறது. பட்டைகளை ஒட்டிய விலங்குப் பசை ஈரத்தில் இளகும். பெண்பூணின் அடியை அடைத்து நீர் இறங்காமல் அவர் தடுத்தார். பூணின் விளிம்பைப் பிளந்து நாக்குகளாக்கி, அவற்றின்மேல் பட்டு நூல் சுற்றினார். வளைவு மரத்திலிருந்து உலோகத்துக்குத் திடீரெனத் தாவாமல் படிப்படியாக ஏறியது. 1870களில் அவர் காப்புரிமை பெற்ற இந்த இரண்டு திருத்தங்களும் பூணின் விளிம்பில் முறியும் குறையைப் பெரும்பாலும் போக்கிவிட்டன. பூணுக்கு உகந்த உலோகமாக, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் வெள்ளி நிலைபெற்றது.

இந்தக் கோல்களில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. தொடக்கத்தில் பிளக்கப்பட்டது ‘கல்கத்தா மூங்கில்’ என்ற பெயரில் கப்பலேறியது. நம் மலைகளில் கல்மூங்கில் என்று வழங்கும் இனம் அது. பிற்பாடு தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியில் விளையும் டாங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. 1950இல் சீனாவுடனான வணிகத்தை அமெரிக்கா தடை செய்தபோது அந்த வரத்தும் நின்றது.

ஜப்பானியப் பொருத்து

ஜப்பானியர் உலோகத்தைத் தேடவே இல்லை. எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், 1780களில் கடை தொடங்கிய தைச்சியா டோசாகு வழிவந்த கலைஞர்கள், வெவ்வேறு மூங்கில் இனங்களின் தண்டுகளை ஒரே கோலில் சேர்த்தனர். பெண்முனையைப் பட்டு நூலால் நெருக்கிச் சுற்றி, அரக்குமரப் பாலை அடுக்கடுக்காகப் பூசி இறுக்குவார்கள். ஆண்முனையைச் சீவிச் சீவி, செருகினால் காற்று மெல்லத் தள்ளப்படும் அளவுக்குப் பொருத்துவார்கள். ஒரு தண்டு நேரே மற்றதனுள் நுழைவது ஒரு முறை. இரண்டுக்கும் உள்ளே தனி உள்தண்டு வைத்து, வெளிவிட்டம் மாறாமல் சேர்ப்பது இன்னொரு முறை. இன்ரோ என்னும் மருந்துச் செப்பின் மூடி போல் அமைவதால் அதற்கு இன்ரோ பொருத்து என்று பெயர். இன்றைய கார்பன் கோல்களில் உயர்ந்ததாகக் கருதப்படும் உள்தண்டுப் பொருத்து இதே அமைப்புதான். எடோ கோல் 1991இல் ஜப்பானிய அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்ந்தது.

கண்ணாடி இழை, கார்பன்

1940களில் ஆர்தர் ஹோவால்டு உருவாக்கிய முறையில் ஷேக்ஸ்பியர் நிறுவனம் கண்ணாடி இழைக் கோலை விற்றது. 1960களில் ஃபென்விக் நிறுவனம் உலோகப் பூணைக் கைவிட்டு, நுனிக்கோலின் குழலே அடிக்கோலின்மேல் உறைபோல் ஏறும் பொருத்தைப் பரப்பியது. 1970களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் கார்பன் இழைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிசினில் ஊறிய இழைத்துணியை எஃகுத் தண்டின்மேல் சுற்றி, நாடாவால் இறுக்கி, உலையில் வேகவைத்து, எஃகை உருவிவிடுவதே செய்முறை. பொருத்தும் கோலும் இங்கே ஒரே பொருள். இரண்டும் சேர்ந்தே வளைகின்றன.

எதைத் தேர்வது

பொருத்து உள்ள இடத்தில் சுவர் இரட்டிப்பாவதால் எடை சிறிது கூடும், வளைவு சிறிது விறைக்கும். நுனிக்கு அருகில் சேரும் எடை கோலின் அதிர்வை அதிகமாக மந்தமாக்கும். கைக்கு அருகில் சேர்வது அவ்வளவாகத் தெரியாது. ஆகவே சில கோல்களில் பொருத்தை நடுவில் வைக்காமல் கைப்பிடிக்கு மேலேயே வைக்கிறார்கள். ஒரே துண்டுக் கோல் மீன் தொடுவதைத் துல்லியமாக உணர்த்தும் என்ற நம்பிக்கை பழைய உலோகப் பூணின் காலத்திலிருந்து வந்தது. நன்கு செய்த கார்பன் பொருத்தில் அந்த வேறுபாடு கைக்கு எட்டுவதில்லை. வலிமையைப் பற்றிய ஐயமும் அப்படியே. ரிச்சர்டு வாக்கர் 1952 செப்டம்பரில் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்து பிரிட்டிஷ் சாதனை படைத்தது, தாமே வடிவமைத்த ‘மார்க் 4’ என்னும் இரு துண்டு மூங்கில் கோலில்தான், பூணும் உலோகம்.

கோல்கள் உடையும் இடங்கள் வேறு. காரின் கதவு, வீட்டு மின்விசிறி, கரைக்கு வந்த மீனைத் தூக்கக் கோலைச் செங்குத்தாக நிமிர்த்தி நுனியை மட்டும் மடக்குவது: இவையே பெரும்பாலான முறிவுகளுக்குக் காரணம். முதல் இரண்டும் நீண்ட ஒரே துண்டுக் கோலையே அதிகம் தாக்குகின்றன.

7 அடிக் கோல் 213 செ.மீ. அதை இரண்டாக்கினால், செருகும் பகுதியையும் சேர்த்து 110 செ.மீ. அளவில் ஒவ்வொரு துண்டும் நிற்கும். பேருந்தில் இருக்கையின் ஓரத்தில் வைக்கலாம், இரு சக்கர வண்டியில் முதுகில் மாட்டலாம். பல விமான நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கின்றன. இரு துண்டுக் கோலின் குழல் அதற்குள் அடங்கும், ஒரே துண்டு அடங்காது. கடற்கரையிலிருந்து தொலைவீச்சுக்கு வேண்டிய 12 அடி, 14 அடிக் கோல்களில் தேர்வு என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை.

ஒரே துண்டுக்கு உரிய இடங்களும் உள்ளன. படகிலேயே நிலையாக வைத்துக்கொள்ளும் குட்டையான கோல், ஆழத்தில் கனமான உலோக இரையை ஏற்றி இறக்கும் கோல், பொருத்தைச் சரியாகச் செய்யாத மலிவுக் கோல் ஆகிய மூன்றிலும் அதுவே மேல். பெருமீன் கோல்களில் நுனிக்கோல் ஒரே துண்டாகவும், கைப்பிடி தனியே கழற்றக்கூடியதாகவும் அமைவது வழக்கம். 1939இல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் தன் சாதனை விதிகளில் நுனிப்பகுதி 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அடிப்பகுதி 27 அங்குலத்தை மீறக் கூடாது என்கிறது. எத்தனை துண்டு என்பதை வைத்து அது வேறுபாடு காட்டுவதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை பொருத்தில் தெரியும். உள்தண்டு வகையில், செருகிய பின்னும் இரு குழல்களுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். தேயத் தேயத் துண்டுகள் நெருங்கும். இடைவெளி முற்றிலும் மறைந்தால் பொருத்து தளர்ந்துவிட்டது என்று பொருள். பெண்முனையில் நூல்சுற்று இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் விரிவது அந்த விளிம்புதான். மணல் ஒட்டியிருந்தால் துடைக்காமல் செருகக் கூடாது. ஆண்முனையில் மெழுகுவத்தியை இலேசாகத் தேய்த்தால் பிடிப்பும் நன்றாக இருக்கும், கழற்றவும் எளிது. வீசும்போது துண்டுகள் மெல்லத் திரும்பித் தளரும். வளையங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டால் தளர்ச்சி உடனே தெரியும். இறுகிப்போன பொருத்தை இடுக்கியால் திருகுவது கோலை அழிக்கும் வழி. இருவர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் ஒரு கையை அடிக்கோலிலும் மறு கையை நுனிக்கோலிலும் வைத்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

தமிழகக் கடற்கரைகளில் இப்போது இறக்குமதியான கார்பன், கண்ணாடி இழைக் கோல்கள் இரு வகையிலும் விற்பனையாகின்றன.