வழுவும் வழுவமைதியும்: பணிசெயல் முறைமைக் கருநிரலில் பிழைநீக்கமும் பெயரீடும்

இலக்கண நூலார் வழுவை விலக்கியதோடு அமைந்தாரல்லர். காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளத்தக்க வழுவினை 'வழுவமைதி' எனத் தனியே வகுத்தும் வைத்தனர். கணினி நிரலாக்கத்தின் வரலாற்றிலும் அத்தகையதொரு வழுவமைதி உண்டு. 'கோடூ' எனும் தாவற் கட்டளையே அது. அறிஞரால் கண்டிக்கப்பட்ட அக்கட்டளை, பணிசெயல் முறைமைகளின் கருப்பகுதியில் மட்டும் எவ்வாறு நிலைபெற்றது என்பதும், அந்நிலைபேற்றில் பெயர்கள் வகித்த பங்கு யாது என்பதும் ஆராயத்தக்கன.

கேர்னல் எனப்படும் கருநிரல், கணினியின் நினைவகம், கோப்புகள், கருவிகள் யாவற்றையும் ஆள்வது. அது ஒரு பணியைத் தொடங்கும்போது நினைவகத்தில் இடம் பெறுகின்றது, பூட்டொன்றை இடுகின்றது, கருவியொன்றைத் தன்வசப்படுத்துகின்றது. மூன்றாம் படியில் தோல்வி நேரின் முன்னிரு படிகளிற் பெற்றவற்றை மீள ஒப்படைத்தல் வேண்டும். ஒப்படைக்கத் தவறின் நினைவகம் சிறிது சிறிதாகக் கசியும். விடப்படாத பூட்டினாலோ முறைமையே உறைந்துபோதல் கூடும்.

இச்சுமையின் அளவை உணர்ந்தோருள் 1960களில் மல்ரிக்ஸ் முறைமையை ஆக்கியோரும் அடங்குவர். தாம் எழுதிய நிரலிற் பாதியளவு வழுவிலிருந்து மீள்வதற்கே செலவாயிற்று என அவர்களுள் ஒருவரான ரொம் வான் விளெக் நினைவுகூர்ந்துள்ளார். பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் யுனிக்ஸை ஆக்கத் தொடங்கிய கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் எளிய வழியை நாடினர். கடும் வழு நேரின் 'பானிக்' எனும் செயற்கூறு இயந்திரத்தை நிறுத்திவிடும். மீள இயக்கிக்கொள்ள வேண்டியதுதான். சிறுகுழுவொன்றின் ஆய்வுகூடத்துக்கு இது போதும்; வங்கிக்கும் மருத்துவமனைக்கும் போதாது.

யுனிக்ஸின் பெயர்களும் சிக்கனமானவை. கோப்பை உருவாக்கும் அழைப்புக்குரிய ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்தைக் கைவிட்டுக் 'கிரியற்' என்றே எழுதினர். யுனிக்ஸை மீண்டும் ஆக்குவதாயின் எதனை மாற்றுவீர் என வினவப்பட்டபோது, அவ்வெழுத்தைச் சேர்ப்பேன் எனத் தொம்சன் விடையிறுத்தமை நகைச்சுவையாக இன்றும் வழங்குகின்றது.

1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பின் கருநிரலை நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஜோன் லயன்ஸ் தம் மாணவருக்காக உரையுடன் தொகுத்தார். பின்னர் உரிமக் கட்டுப்பாட்டால் அந்நூல் படிப்பிக்கப்படாதொழிய, மாணவரிடையே நிழற்பிரதிகளாகவே உலவி, 1996இல்தான் முறையாக வெளியாயிற்று. புதிய நிரலொன்றை ஏற்றி இயக்கும் 'எக்செக்' செயற்கூறு அதனுட் காணப்படுகின்றது. வழு நேரும் இடங்களிலிருந்தெல்லாம் நிரல் 'பேட்' என்ற அடையாளப்பெயருக்குத் தாவுகின்றது. அங்கே கைப்பற்றியவை விடுவிக்கப்படுகின்றன. ஆனால் வெற்றியுடன் முடியும் பாதையும் அவ்விடத்தினூடாகவே வெளியேறுகின்றது. கேட்டைக் குறிக்கும் பெயர் நன்மைக்கும் வாயிலாகின்றமை கவனிக்கற்பாலது. இக்குறை சிறிதெனத் தோன்றினும் பின்னர் பெரிதாயிற்று.

இதற்கு முன்னரே, 1968 மார்ச்சில், எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தாவற் கட்டளையைக் கண்டித்து எழுதிய மடல் வெளிவந்திருந்தது. புகழ்பெற்ற அதன் தலைப்பு அவர் இட்டதன்று, இதழாசிரியர் நிக்லாஸ் வேர்த் இட்டதாகும். 1974இல் டொனால்ட் கனூத் நடுநிலை நின்று, வழுவால் வெளியேறுதல் முதலிய சில இடங்களில் அக்கட்டளை பொருந்தும் எனக் காட்டினார். பாடநூல்கள் டைக்ஸ்ட்ராவின் தலைப்பைப் பற்றிக்கொண்ட அளவுக்குக் கனூத்தின் வாதத்தைப் பற்றவில்லை.

கனூத்தின் வழி செழித்த இடம் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரலாகும். அங்கு செயற்கூற்றின் இறுதியில் விடுவிப்புப் படிகள், பெற்ற வரிசைக்கு நேர்மாறாக, ஏணிபோல் அடுக்கப்படுகின்றன. எப்படியில் தோல்வி நேர்ந்ததோ அதற்கேற்ற படிக்குத் தாவி, அங்கிருந்து கீழிறங்குதல் மரபு. ஒரேயொரு பொது வாயிலை வைப்பின், இன்னும் பெறப்படாத பொருளின் உறுப்பை விடுவிக்க முயன்று முறைமை வீழ்தல் கூடும். ஆதலின் வாயில்கள் பிரிக்கப்படுகின்றன. அவற்றை 'எரர் 1', 'எரர் 2' என எண்ணிடலாகாது என்பது லினக்ஸின் எழுத்துநடை விதி. இடையிலொரு படி சேரின் எண்களெல்லாம் மாறவேண்டும். சரிபார்ப்போனுக்கும் எண் எதனையும் உணர்த்தாது. 'இடையகத்தை விடுவி' என்றாற்போல் அப்படி ஆற்றும் செயலே பெயராதல் வேண்டும்.

இவ்விதி அழகு கருதியதன்று. வழுப்பாதைகள் அன்றாட இயக்கத்தில் அரிதாகவே நடைபெறுவன. நினைவகம் தீர்ந்த வேளையில் மட்டும் இயங்கும் வரியைச் சாதாரண பரிசோதனை தீண்டுவதில்லை. ஆகவே பிறரது நிரலை வாசித்துச் சரிபார்ப்போனின் கண்ணே பெரும்பாலும் அதற்குக் காவல். பெயர் செயலைச் சொல்லின், தாவும் இடத்தில் நின்றே 'இதுவரை பெற்றது இடையகம், விடுவிப்பதும் இடையகம்' என அவன் ஒப்புநோக்கலாம். ஒவ்வொரு தடவையும் இறுதிப் பகுதிக்குச் சென்று மீளவேண்டியதில்லை.

2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலில் வெளிப்பட்ட வழு இதற்குத் தக்க சான்று. அது கருநிரலைச் சேர்ந்ததன்றாயினும் அமைப்பு அதுவே. 'பெயில்' எனும் வாயிலுக்குத் தாவும் வரி தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரி நிபந்தனையின்றி இயங்க, கையொப்பச் சரிபார்ப்பு நடைபெறாமலே நிரல் அவ்வாயிலை அடைந்தது. வழுவைக் குறிக்கும் மாறியிலோ 'வழுவில்லை' என்னும் பூச்சியமே இருந்தது. தோல்வி எனப் பெயர்பெற்ற வாயில் வெற்றி எனும் செய்தியுடன் திரும்பியது. வாயிலின் பெயர் மாறியிருப்பினும் இரட்டித்த வரி இரட்டித்தே இருந்திருக்கும் என்பது மெய். எனினும் தோல்வியை நோக்கித் தாவும் வரி பாதுகாப்பானது என்ற மயக்கத்தை அப்பெயரே ஊட்டவல்லது. ஆறாம் பதிப்பின் 'பேட்' வாயில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் வேறொரு பெயரில் மீண்டமை வியப்பிற்குரியது.

2023இல் லினக்ஸின் 6.5ஆம் பதிப்பில் மற்றொரு வழி புகுத்தப்பட்டது. மாறியின் எல்லை முடிவுற்றதும் உரிய விடுவிப்பைத் தொகுப்பி நிரலே சேர்த்துவிடும். மாறியை அறிவிக்கும் இடத்திலேயே விடுவிப்பு முறையும் குறிக்கப்படும். ஏணியும் வேண்டா, வாயிற் பெயரும் வேண்டா. ஆயினும் ஒரே செயற்கூற்றில் பழைய தாவலையும் புதிய முறையையும் கலத்தலாகாது என விதித்துள்ளனர். விடுவிப்பு எங்கே நிகழ்கின்றது என்பது கண்ணுக்குப் புலப்படாது என முணுமுணுப்போரும் உளர். எழுதப்பட்ட கோடிக்கணக்கான வரிகளில் பழைய ஏணிகளே இன்னும் மிகுந்துள்ளன. அவற்றைச் சரிபார்ப்போர் பெயர்களை நம்பியே இறங்குகின்றனர்.